ஆடற்கலையும் உடலறிவும்

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைக் கடந்து மாலை வேளையில் வீடு திரும்புவோரின் செவியில், கடைத்தெருவின் ஆரவாரத்தினூடே ஓர் ஓசை வந்து விழும். தட்டுக்கழியின் தாளத்திற்கு இசைந்து இளம் பாதங்கள் தரையை அறையும் ஓசை அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பற் பயணத் தொலைவில், சுற்றிலும் கடல் சூழ்ந்த இத்தீவில், நம் குழந்தைகள் முன்னோரின் ஆடலைப் பயில்கின்றனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நிறைகின்றது. ஆயினும் அவ்வோசையைக் கேட்கும்போது, கடந்த ஈராண்டுகளாக, மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எம்மைப் பற்றிக்கொள்கின்றது. அக்கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்நகரில், நாம் ரயில்வே முன்பதிவு எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். தண்டவாளம் ஒரு முழமும் இல்லாத தீவில் ரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என நகைப்பாரும் உளர். கரையிறங்கியபின் ஊர் போய்ச் சேர வேண்டியவர்க்குச் சீட்டுப் பதிந்து கொடுப்பதே எம் தொழில். எமது கல்வி பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. ஆடற்கலையில் ஓர் அடவேனும் நாம் அறியோம். எனினும் எம் மகள் ஆறாண்டுகளாகப் பரதநாட்டியம் பயின்றவள். அவள் பொருட்டாகவே இந்நூல்களை எல்லாம் புரட்ட நேர்ந்தது.

ஈராண்டுகளுக்கு முன், தனக்கு வலது முழங்காலில் நோவு உண்டு என்று அக்குழந்தை எம்மிடம் கூறினாள். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று. சென்னையில் அரங்கேற்றத்திற்கு மண்டபம் குறித்தாகிவிட்டது. கப்பலில் இடமும் பதிந்தாகிவிட்டது. "வலியில்லாமல் கலை வருமா, அம்மா? பொறுத்துக்கொள்" என்று நாம் கூறினோம். அவளும் பொறுத்துக்கொண்டாள். மூன்று திங்கள் பொறுத்துக்கொண்டவள், ஒரு நாள் மாலை வீட்டுப் படிக்கட்டில் ஏற இயலாமல் பாதியிலேயே அமர்ந்துவிட்டாள். அரங்கேற்றம் நின்றது. அந்தப் பழி ஆசிரியைக்கு உரியதன்று, எமக்கே உரியது.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றபோது, இயன்முறை மருத்துவர் ஒருவர் எம் மகளை நோக்கி, "உன் தொடையெலும்பு இடுப்பிற் சேரும் மூட்டு எங்கே இருக்கின்றது? தொட்டுக் காட்டு" என்றார். அவள் பாவாடைக் கயிறு கட்டும் எலும்பின் மேல் கை வைத்தாள். எம்மையும் கேட்டார். நாமும் அவ்விடத்தையே காட்டினோம். அவர் சிரித்துவிட்டு, மேசைமேல் இருந்த எலும்புக்கூட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மூட்டோ நாம் காட்டிய இடத்திற்கு வெகு கீழே, அரையும் தொடையும் மடியும் இடத்தின் உள்ளே ஆழத்தில் இருந்தது. "ஆறாண்டுகளாக அரைமண்டியில் அமர்ந்தவள், எந்த மூட்டால் அமர்கின்றோம் என்பதை அறியாமலே அமர்ந்திருக்கின்றாள்" என்றார் அவர். அச்சொல் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

இத்தகைய உடலறிவு நம் கலைமரபிற்குப் புறம்பானதா? மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடினோம். கண்டவற்றை ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

பழநூல்கள் கண்ட உடலும் தரையும்

பரத முனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்நூல் சுவையையும் பாவத்தையும் மட்டும் பேசுவதாகவே நாம் எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. தலை, கை, மார்பு, விலா, இடை, பாதம் ஆகிய ஆறினையும் பேருறுப்புகளாக வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவ்வாறு அசையும் என்பதை அந்நூல் எண்ணி எண்ணிக் கூறுகின்றது. தலையசைவு மட்டும் பதின்மூன்று. கண்ணின் பார்வை முப்பத்தாறு. உடலைப் பகுத்து அறிந்தாலன்றி இத்தகைய கணக்கு ஒருவர்க்குக் கைவாராது.

அந்நூலின் கால் அசைவுகளைப் பற்றிய பகுதியில் பயிற்சி முறையும் கூறப்படுகின்றது. பயிற்சிக்கு முன் உடலில் எண்ணெய் தேய்த்துப் பிசைய வேண்டும் என்றும், ஊட்டமுள்ள உணவு வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. பசித்திருப்போரும், நீர்வேட்கை கொண்டோரும், மிகக் களைத்தோரும், மிகுதியாக உண்டோரும் பயிற்சி செய்தல் ஆகாது என விலக்குகின்றது. நிற்கும் நிலையில் உடல் மிக நிமிர்ந்தும் மிக வளைந்தும் இராமல், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒழுங்குற்று, மார்பு உயர்ந்து, உடல் அமைதியோடு நிற்றலை அழகிய நிலை எனக் கூறுகின்றது. நிலத்தையே பயிற்சியின் தாயாக அது கருதுகின்றது என்பது நாம் நினைவில் இருத்தத்தக்கது. எந்த நிலத்தின்மேல் ஆடுகின்றோம் என்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த கவலையன்று.

நம் சிலப்பதிகாரத்திற்கு வருவோம். மாதவி ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என அரங்கேற்று காதையால் அறிகின்றோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், மத்தளம் முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவரின் இலக்கணத்தைக் கூறியபின், இளங்கோவடிகள் அரங்கின் அளவைக் கூறுகின்றார். இருபத்து நான்கு பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இடைவெளி. அரங்கு அமைக்கும் மண்ணையும் நூல்வழி ஆராய்ந்தே தெரிந்தெடுத்தனர். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அம்மண்ணின் இயல்பை மேலும் விரித்துரைக்கின்றார். 'அரங்கின் பலகை' என்னும் அச்சொல்லில் எம் கண் நெடுநேரம் நின்றது. மாதவி ஆடிய அரங்கிற் பலகை இருந்தது. நம் குழந்தைகள் ஆடும் கூடத்தில் இருப்பதோ சிமெண்டுத் தளம்.

கல்லில் நின்ற அசைவு

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கென நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தியதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்விமானத்தின் மேல்தளச் சுற்றில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களில் 81 சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கரணங்களுக்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களிலும் கரணச் சிற்பங்கள் உள்ளன. அந்நூற் சுலோகங்களும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன.

இச்சிற்பங்களைக் காண்போர் பலர் கரணம் என்பது ஓர் அசையா நிலை என்றே கருதுவர். கரணங்களைத் தம் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்த பத்மா சுப்ரமணியம் அவர்கள், கரணம் என்பது நிலையன்று, ஓர் அசைவு என்பதை நிறுவினார். கையின் செயலும் காலின் செயலும் ஒன்றுபட்டு நிகழும் ஓர் இயக்கத்தின் ஒரு கணத்தையே சிற்பி பிடித்து வைத்தான் என்பது அவர் துணிபு. நம் வகுப்புகளிற் குழந்தையின் நிலையைக் கண்டு, "கை சரி, கால் சரி" என்று கூறி விடுகின்றோம். அந்நிலைக்கு உடல் எவ்வழியாக வந்தது, எந்த மூட்டுத் திரும்பி எந்தத் தசை இழுத்து வந்தது என்பதைக் காண்பதில்லை. பிழையும் நோவும் அவ்வழியிலேயே பிறக்கின்றன.

ஓர் அரண்மனையில் இரு கல்விகள்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் வரலாறு எம்மை வியப்பில் ஆழ்த்தியது. இன்று நாம் காணும் அடவு முறையையும், அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக உள்ள கச்சேரி ஒழுங்கையும் செப்பனிட்டவர்களாகப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர் நால்வரும் அம்மன்னரின் அவையைச் சார்ந்தவர்கள். தட்டடவு, நாட்டடவு எனக் குழந்தை முதல் நாளிற் கற்பது முதலாக எல்லாம் அவர்கள் வகுத்த வழியில் வந்தவையே.

அதே மன்னர் மருத்துவத்திலும் உடற்கூற்றிலும் தீராத வேட்கை உடையவராக இருந்தார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்தார். அங்கு மருந்துகள் ஆய்ந்து தொகுக்கப்பட்டன. கண்நோயாளர்க்குச் செய்த சிகிச்சையின் விவரங்கள் நோயாளிவாரியாக எழுதி வைக்கப்பட்டன; அக்குறிப்புகள் இன்றும் உள்ளன. மனித எலும்புக்கூட்டின் மாதிரி உருவம் ஒன்றையும் அவர் தம்மிடம் வைத்திருந்தார். 1826இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஹீபர், மன்னர் ஐரோப்பிய அறிவியலாரின் நூல்களை நன்கு அறிந்திருந்ததைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம். ஓர் அரண்மனையின் ஒருபுறம் அடவுகள் ஒழுங்குபெறுகின்றன. மற்றொருபுறம் எலும்பின் அமைப்பு ஆராயப்படுகின்றது. இரண்டையும் ஒரே மன்னர் புரக்கின்றார். ஆயினும் அந்த எலும்புக்கூட்டை ஆடல் பயிலும் கூடத்திற்குக் கொண்டுவந்து, "அரைமண்டியில் அமரும்போது இம்மூட்டுத் திரும்புகின்றது" என்று எவரேனும் காட்டியதாக நாம் படித்த நூல் எதிலும் இல்லை. நாட்டிய சாத்திரம் ஒன்றாகக் கூறிய இரு கல்விகள் தஞ்சையில் ஒரே கூரையின் கீழ் இருந்தும் கைகோக்கவில்லை. கைகோத்திருந்தால் இருநூறு ஆண்டுகள் நமக்கு மிச்சமாகியிருக்கும்.

பழைய பயிற்சி மாறிய வரலாறு

"முன்னோர் கோயிலின் கருங்கல் தளத்தில் ஆடவில்லையா? அவர்கட்கு முழங்கால் நோகவில்லையே!" என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை இருவகையில் உண்டு.

முதலாவது, நட்டுவனார் இல்லங்களிலும் ஆடல் மரபினர் குடும்பங்களிலும் பயிற்சி குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியது, நாள்தோறும் நடந்தது, ஆண்டுக்கணக்கில் நீண்டது. உடல் மெல்ல மெல்லப் பழகியது. குருவின் கண் மாணவியின் உடலை நாள் முழுதும் கண்டுகொண்டே இருந்தது. பின்னர் நிலைமை மாறியது. 1930களில் ஈ. கிருஷ்ணையர் முதலியோர் முயற்சியால் இக்கலை சென்னை மியூசிக் அகாதெமியின் மேடைக்கு வந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல், 1935இல் அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது. கலை எல்லா வீட்டுப் பெண்களுக்கும் உரியதாயிற்று. ஆனால் நாள்தோறும் நடந்த பயிற்சி, பள்ளிக்கூடம் முடிந்தபின் வாரத்தில் இரு நாள் வகுப்பாகச் சுருங்கியது. நாற்காலியில் ஆறு மணி நேரம் அமர்ந்திருந்த குழந்தை, புத்தகப் பையை இறக்கி வைத்த மறுகணமே அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்டுகின்றாள். நூறாண்டுகளுக்கு முன்னைய உடலுக்கு வகுத்த பயிற்சியை, வேறு வாழ்க்கை வாழும் உடலின்மேல் ஏற்றுகின்றோம்.

இரண்டாவது விடை இன்னும் கசப்பானது. வென்றவர் பெயரையே வரலாறு குறிக்கின்றது. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரைப் பொறித்த கல்வெட்டு, முழங்கால் நொந்து விலகியவர் எத்தனை பேர் என்பதைப் பொறிக்கவில்லை. அவர்கட்கு நோகவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

அயல்மாநிலமும் அயல்நாடும்

கேரளத்தில் இக்கவனம் முற்றிலும் அழியவில்லை. கதகளி பயிலும் மாணவர்க்கு மழைக்காலத்தில் எண்ணெய் பூசி, ஆசான் கயிற்றைப் பற்றிக்கொண்டு தம் பாதத்தால் உடலை மிதித்து உழியும் வழக்கம் உண்டு. வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலத்திலும் அவ்வழக்கம் தொடர்ந்து வந்தது. எண்ணெய் தேய்த்துப் பயிலுக என்ற பழநூலின் விதி அங்கு உயிரோடு வாழ்ந்தது.

மேனாடுகளில் இவ்வறிவு வேறு வழியாக வளர்ந்தது. அதனை வளர்த்தோர் பெரும்பாலும் தம் உடலிற் குறை கண்டவர்கள் என்பது நோக்கத்தக்கது. ஆஸ்திரேலிய நாட்டினரான அலெக்சாண்டர் (1869–1955) மேடையில் கவிதை ஒப்பிக்கும் தொழிலினர். பேசப் பேசக் குரல் அடைத்தது. கண்ணாடிகளின் முன் நின்று தம்மைத் தாமே நெடுங்காலம் கவனித்தார். வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுக்கும் பழக்கமே நோய்க்குக் காரணம் எனக் கண்டார். மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல் வல்லுநர், ஜூடோ பயின்றவர். முழங்காலில் அடிபட்ட அவர், தம் அசைவை அணு அணுவாகக் கவனித்து, உணர்வோடு அசைவதையே ஒரு பாடமாக வகுத்தார். அமெரிக்க மாது மேபல் டாட், தாம் விழுந்து அடிபட்டு மீண்ட அனுபவத்தினின்று உடலின் எலும்புச் சமநிலையை ஆராய்ந்து, 1937இல் சிந்திக்கும் உடலைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

இவர்கள் எல்லாரினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தவர் மார்கரெட் ஹெச்டௌப்ளர் (1889–1982). அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926இல் நடனத்திற்கெனப் பட்டப் படிப்பு ஏற்படக் காரணமானவர் அவரே. அவர் தாம் மேடையில் ஆடும் நடனமணி அல்லர், உயிரியல் பயின்றவர். வகுப்பறைக்கு எலும்புக்கூட்டைக் கொண்டுவந்தார். மாணவியரைத் தரையிற் படுக்க வைத்து, உடற்பாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு மூட்டும் எவ்வாறு அசைகின்றது என்பதை அவரவரே உணருமாறு செய்தார். தஞ்சை அரண்மனையில் நிகழாத சந்திப்பு விஸ்கான்சினில் நிகழ்ந்தது என்றே கூறலாம். 1990இல் ஆடல் மருத்துவத்திற்கெனவே பன்னாட்டுச் சங்கம் ஒன்றும் தோன்றியது.

சென்னையிலும் இச்சிந்தனை மீண்டது. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா (1928–2006), 1985இல் 'அங்கிகா' என்னும் ஆடலைப் படைத்தார். பரதநாட்டியம், களரிப்பயிற்று, யோகம் ஆகிய மூன்றும் ஒரே உடலறிவின் கிளைகள் என்பதை அவர் மேடையிற் காட்டினார். அணியும் ஒப்பனையும் கதையும் அவர்க்கு இரண்டாம் பட்சம், முதுகெலும்பே முதன்மை. அவருடைய படைப்புகளைப் பற்றிக் கருத்து வேற்றுமை உடையோர் பலர். ஆயினும் உடலை அறிதலே ஆடலின் தொடக்கம் என்று அவர் கூறியதை எவரும் மறுத்தற்கில்லை.

அரைமண்டியின் உடற்கூறு

இவற்றையெல்லாம் படித்தபின் நாம் அறிந்துகொண்ட உடற்கூறு மிகச் சிறிது. அச்சிறிதும் முன்பே தெரிந்திருந்தால் எம் மகளின் முழங்கால் தப்பியிருக்கும்.

வளர்ந்த மனித உடலில் எலும்புகள் 206. ஒரு பாதத்தில் மட்டும் 26. இடுப்பு மூட்டு, கிண்ணத்தில் அமர்ந்த பந்து போன்றது. எல்லாப் புறமும் திரும்ப வல்லது. முழங்கால் மூட்டோ கதவின் கீல் போன்றது. மடங்கவும் நீளவும் ஏற்றது. மடங்கிய நிலையில் சிறிதளவு திரும்பவும் அது இடங்கொடுக்கும். ஆபத்தும் அங்கேயே உள்ளது. அரைமண்டியில் தொடை இரண்டும் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். அத்திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து பிறத்தல் வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது அவரவர் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. ஒரு குழந்தைக்கு எளிதாவது மற்றொரு குழந்தைக்கு என்றும் இயலாததாக இருக்கலாம். அந்த அளவை அறியாமல், "பாதத்தை இன்னும் விரி, இன்னும் விரி" என்று அதட்டினால் குழந்தை என் செய்வாள்? பாதத்தை மட்டும் தரையில் திருப்பி வைத்துக்கொள்வாள். தொடை ஒரு திசையிலும் பாதம் ஒரு திசையிலும் நிற்க, இடையில் அகப்பட்ட முழங்கால் முறுக்குண்ணும். அம்முறுக்கோடு ஆயிரம் முறை தட்டினால் நோவு வாராமல் வேறு என்ன வரும்?

ஆகவே முழங்காலின் முகம் பாதவிரல்களின் திசையையே நோக்க வேண்டும் என்பது முதல் விதி. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி முதுகை வளைத்து ஆழமாக அமர்வது போலக் காட்டுதல் ஆகாது என்பது இரண்டாவது. தட்டும்போது மூச்சை அடக்கி உடலை இறுக்குதல் ஆகாது என்பது மூன்றாவது. பயிற்சிக்கு முன் உடலைச் சற்றே சூடேற்றி, முடிந்தபின் தசைகளைத் தளர்த்த வேண்டும் என்பது நான்காவது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள் பருவ வயதின் இறுதிவரை முற்றி இறுகுவதில்லை. ஆதலின் அவர்கள் கூறும் நோவைச் சோம்பல் என எண்ணி ஒதுக்குதல் ஆகாது என்பது ஐந்தாவது. தசை களைத்த வலி ஓரிரு நாளில் ஆறும்; மூட்டிற்குள் குத்தும் வலி எச்சரிக்கை. இவ்விரண்டையும் பிரித்தறியக் குழந்தைக்குக் கற்பிப்பது, அடவு கற்பிப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

கண்ணாடியைப் பார்த்து நிலையைத் திருத்துவது நன்றே. ஆனால் மேடையிற் கண்ணாடி இல்லை. உள்ளிருந்தே உடலின் இருப்பை உணரும் உணர்வே அங்குத் துணை. எம் மகள் இன்று ஆடத் தொடங்குமுன் தரையிற் படுத்து, மூட்டு மடியும் இடத்தில் கை வைத்து, காலை மெல்லத் திருப்பிப் பார்க்கின்றாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆடுவதில்லை. அரங்கேற்றத்திற்கு நாள் இன்னும் குறிக்கவில்லை. நெடும்படி ஏறும்போது சில வேளை கைப்பிடியைப் பற்றிக்கொள்கின்றாள். அதைக் காணும்போது எம் நெஞ்சு எம்மைச் சுடுகின்றது.

நம் மன்றமும் மரப்பலகையும்

இனி நம் சங்கத்தின் முன் உள்ள செயலுக்கு வருவோம். நம் கூடத்தைப் புதுப்பிக்க நன்கொடை திரட்டப்பட்டு வருவதை அன்பர்கள் அறிவர். தரைக்கு மெருகிட்ட கருங்கல் பதிப்பது என்னும் கருத்துச் செயற்குழுவில் எழுந்துள்ளது. கருங்கல் கண்ணுக்கு அழகு, கழுவ எளிது, நெடுநாள் நிற்கும். எனினும் அத்தரையில் தட்டப் போகும் பாதங்கள் நம் வீட்டுப் பிள்ளைகளின் பாதங்கள்.

இங்கு எம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அன்பர்கள் இசைவராக. இரும்புத் தண்டவாளத்தை எவரும் பாறைமேல் நேரே பதிப்பதில்லை. அதன் கீழே குறுக்குக் கட்டைகளும், அவற்றின் கீழே சரளைக் கல்லும் பரப்புவர். வண்டியின் பாரத்தையும் அதிர்வையும் அவை வாங்கிப் பகிர்ந்துகொள்ளும். இரும்பிற்கே இத்துணை இரக்கம் காட்டுகின்றோம். எலும்பிற்கு அதிற் பாதியேனும் காட்டல் ஆகாதா?

ஆடுதற்கேற்ற தரை அமைப்பதும் அத்தகையதே. சிமெண்டுத் தளத்தின்மேல் தாங்குகட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் பலகை அடிக்க வேண்டும். கீழே காற்றோடும் இடைவெளி இருத்தல் வேண்டும். பாதம் தட்டும்போது பலகை மயிரிழையளவு இசைந்து கொடுக்கும், அவ்வளவே போதும். சிமெண்டின்மேல் மெல்லிய மரத்தகட்டை ஒட்டிவிடுவது பார்வைக்கு மரமாகத் தோன்றுமேயன்றிப் பயனில்லை. இத்தீவின் ஈரத்திற்கும் கறையானுக்கும் ஏற்ற காப்பும் வேண்டும். செலவு கருங்கல்லினும் சற்று மிகலாம். ஆனால் மருத்துவச் செலவினும் மிகாது என்பதை அனுபவத்தால் உரைக்கின்றோம்.

மரத்திற்குப் பேர்போன மண் இது. 1883இல் சாத்தம் தீவில் மரமறுக்கும் ஆலை எழுந்தது. அந்தமானின் படாக் மரம் கடல் கடந்து பல நாடுகட்கும் சென்றது. இந்நகரின் பழைய வீடுகள் பல மரவீடுகளே. பலகைத் தரையில் ஓடி விளையாடியதை நினைவுகூரும் மூத்தோர் நம்மிடையே இன்றும் உளர். காட்டைக் காப்பது கடமை என்பதால் புதுமரம் வெட்டச் சொல்லவில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் பலகையும் கட்டையும் வாங்கக் கிடைக்கும். அவற்றுள் நல்லனவற்றைத் தேர்ந்து இழைத்துப் பயன்படுத்துதல் கூடும்.

நாம் வேண்டுவன மூன்று. கூடத்தில் பலகைத் தரை ஒன்று. வகுப்பில் நின்று காட்டத் தக்க எலும்புக்கூட்டு மாதிரி ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடற்கூறு அறிந்த மருத்துவர் ஒருவர் வந்து ஆசிரியைக்கும் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் உரையாற்றும் ஏற்பாடு ஒன்று. நன்கொடை தந்த பெருமக்களின் பெயரைக் கருங்கல்லிற் பொறிப்பது முறையே. அக்கல்லைச் சுவரிற் பதிப்போம், காலடியில் வேண்டாம்.

தஞ்சை விமானத்தில் 27 கற்கள் இன்றும் செதுக்கப்படாமல் நிற்கின்றன. சிற்பி ஏன் நிறுத்தினான் என்பதைக் கல் கூறவில்லை. நம் கூடத்திலும் ஆடலைப் பாதியில் நிறுத்திய பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஏன் நிறுத்தினர் என்று நாமும் இதுவரை கேட்டதில்லை. இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் குழந்தையிடம், "உனக்கு எங்கேனும் நோகின்றதா?" என்று ஒருமுறை கேட்பார்களாக. விடை கிடைக்கும்வரை பொறுத்திருந்து கேட்பார்களாக. அதுவே உடலறிவின் முதற் பாடம்.

ஆடற்கலை வளர்க! ஆடும் பிள்ளைகள் நோயின்றி வாழ்க!